பூட்டிய வீட்டின் வாக்காளர்

“...கதவுல பூட்டு தொங்குனா ஆளே இல்லன்னு அர்த்தமாக்கா? அப்ப விடியறதுக்குள்ள ரயில் புடிச்சிப் பெங்களூரு போயி பொழைக்கிறவங்க எல்லாம் இந்த ஊர்ல இல்லாதவங்களா?”

சென்ற பாராளுமன்றத் தேர்தல் அன்று, மதியம் இரண்டு மணிக்கு, என் மேஜைக்கு எதிரே நின்று ஒரு பெண் இப்படிக் கேட்டார். கோலார் தங்க வயலில், ஆண்டர்சன்பேட்டைக்கு அருகே ஒரு பள்ளிக்கூட வாக்குச்சாவடி. விதிப்படி எவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டுமோ அவ்வளவு தூரம் தள்ளி, ஒரு புங்க மரத்தடியில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத நல்ல சேலை கட்டியிருந்தார். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை இருந்தது. பக்கத்தில் கல்லூரியில் படிக்கிற மகள். மகளின் விரலில் மை பளபளத்தது. அம்மாவின் விரல் வெறுமையாக இருந்தது.

விஷயம் இதுதான். காலையிலேயே இருவரும் ஓட்டுப் போட வந்திருக்கிறார்கள். மகளின் பெயர் பட்டியலில் இருந்தது. அம்மாவின் பெயர் மேல் ‘நீக்கப்பட்டது’ என்று குத்தியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “மூணு முறை வந்து பார்த்திருக்காங்க, வீடு பூட்டியிருந்ததாம், நீங்க அங்க வசிக்கலையாம்” என்று பதில் வந்திருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, கரண்ட் பில், கேஸ் புத்தகம் என்று வீட்டில் இருந்த காகிதத்தை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு திரும்ப வந்திருக்கிறார். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள் நான். பஸ் பலகையையும் அரசாங்க ஃபாரத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்தே கன்னடம் கற்றேன். ஃபாரம் நிரப்பித் தரச் சொல்லி வருகிறவர்களோடு பேசிப் பேசி வாயும் நன்றாக வளர்ந்துவிட்டது. “உன் நாக்குக்கு ஒரு நாள் லீவு குடேன்” என்பார்கள் வீட்டில்.

இந்த ஃபாரம் எழுதுகிற பழக்கம்தான் என்னை அந்தக் குழுவுக்குள் இழுத்தது. ஒன்பது பேர் கொண்ட சின்னக் குழு. ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர், ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர், சர்ச்சில் பாட்டு சொல்லித் தருகிறவர் ஒருவர், புத்த விகாரையில் ஞாயிறு வகுப்பு எடுக்கிறவர் ஒருவர், இப்படி. எந்தக் கட்சியும் கிடையாது. அட்டைப்பெட்டியில் பொம்மை வாக்கு இயந்திரம் செய்து தெருத்தெருவாகக் காட்டுவோம். கல்லூரிக்குப் போய், பதினெட்டு முடிந்த பிள்ளைகளுக்குப் பெயர் சேர்க்கும் ஃபாரம் நிரப்பிக் கொடுப்போம். யாருக்கு ஓட்டு என்று கேட்கவும் மாட்டோம், சொல்லவும் மாட்டோம். இதில் எங்களுக்குப் பெரிய தலைவலி உடுப்புதான். காவி கட்டினால் ஒரு கட்சி, பச்சை கட்டினால் ஒரு கட்சி, நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று, மூன்று நிறம் சேர்ந்துவிட்டால் இன்னொன்று. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்ததில் கடைசியில் சாம்பல் நிறம்தான் மிஞ்சியது. தேர்தல் நாளன்று ஒன்பது பேரும் சாம்பலில் வந்து உட்கார்ந்தால், ஏதோ துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருக்கும்.

அன்று எனக்கு நிஜமாகவே அப்படி ஆகப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

அந்த மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். “அம்மா, இந்த ஆன்ட்டிதான் எங்க காலேஜுக்கு வந்து ஃபாரம் எழுதிக் குடுத்தாங்க” என்றாள். அம்மாவின் முகம் மலர்ந்தது. “அப்படியாக்கா? இவ பேரை ஏத்துனது நீங்கதானா? அப்ப நீங்களே வந்து கேளுங்க. எனக்கு அவங்க பேசற கன்னடமும் புரியல, காகிதமும் புரியல. விடிஞ்சா டூட்டிக்குப் போகணும். ஓட்டுக்குன்னு லீவு குடுத்த சூப்பர்வைசர் விரலைக் காட்டச் சொல்லுவாரு. அதுகூடப் பரவால்ல. நான் இந்த ஊர்ல இல்லன்னு எழுதி வெச்சிருக்காங்களே, அதுதான் நெஞ்சுல முள்ளு மாதிரி குத்துது.”

பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடத்தில் அவர் துப்புரவு வேலை செய்கிறார். கணவர் இறந்து வெகு நாளாகிறது. விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினால், வீடு திரும்ப இருட்டிவிடும். மகள் காலையிலேயே கல்லூரிக்குப் போய்விடுவாள். எங்கள் ஊரில் பாதி வீடு இப்படித்தான். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் வயிறு இங்கேயும் வேலை அங்கேயுமாகப் பிரிந்துபோயிற்று. சுரங்கக் கம்பெனி வரிசை வரிசையாகக் கட்டிவிட்ட எங்கள் லைன் வீடுகளைப் பகலில் பார்த்தால், ஊரே காலி செய்துகொண்டு போய்விட்டதோ என்று தோன்றும்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், கோபத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது. நம்பி வந்திருக்கிறாரே! “வாம்மா என் கூட. எவன் இந்த வேலையைப் பண்ணானோ, அவன் பேரை வாங்காம விடறதில்ல” என்று எழுந்தேன். நடக்கும்போதே, “கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? விசாரிக்காம ஒரு மனுஷியை ஊரை விட்டே அனுப்பிட்டானே” என்று வழியெல்லாம் பொரிந்து தள்ளினேன்.

பள்ளிக்கூட வேலிக்கு வெளியே, பந்தலில், எங்கள் பகுதி வாக்காளர் பட்டியலுக்குப் பொறுப்பான டீச்சர் உட்கார்ந்திருந்தார். கன்னடக்காரர், ஒல்லியான மனுஷி, நல்லவர். பள்ளி வேலையோடு இந்த வேலையையும் சுமக்கிறவர். வீடு வீடாகச் சரிபார்க்க ஆள் போதாமல், தேர்தலுக்கு முன்னால் எங்கள் குழுவைத் துணைக்குக் கேட்டதும் அவர்தான்.

நான் போன வேகத்தைப் பார்த்து நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒரு கட்சிக்காரர், வெள்ளைச் சட்டை, செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினார். “இது சும்மா நடந்தது இல்ல. எங்க ஓட்டுன்னு தெரிஞ்சிதான் தூக்கியிருக்கானுங்க” என்றார் போனைப் பார்த்து.

அந்தப் பெண் சடாரென்று திரும்பினார். “என் ஓட்டு யாருதுன்னு உனக்கு யாருப்பா சொன்னது? எம் பொண்ணுக்கே நான் சொன்னதில்ல.”

கூட்டம் சிரித்தது. வெள்ளைச் சட்டையும் அசடு வழியச் சிரித்தார். ஆனால் போனை இறக்கவில்லை.

நான் டீச்சரிடம் திரும்பினேன். “மேடம், இவங்க வீட்டைச் சரிபார்த்து எழுதின தாளைக் காட்டுங்க. யாரு எழுதினதுன்னு தெரியணும்.”

டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “பேடா மேடம், இப்ப வேண்டாம். நாளைக்குப் பேசலாம்” என்றார் மெதுவாக.

“ஏன் வேண்டாம்? யாரைக் காப்பாத்தறீங்க?”

“வேண்டாம்னு சொல்றேன், கேளுங்க.”

நான் கேட்கவில்லை. கூட்டம் இருக்கிறது, போன் ஓடிக்கொண்டிருக்கிறது, என் நாக்குக்குச் சலங்கை கட்டிவிட்ட மாதிரி. “குற்றமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கும் மேடம். உங்களுக்கு இன்னா பயம்? எடுங்க தாளை” என்று மேஜையைத் தட்டினேன்.

அவர் பெருமூச்சு விட்டார். பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். நாலு தாளைப் புரட்டினார். ஒரு தாளை எடுத்து, கூட்டத்துக்குத் தெரியாமல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

என் கையெழுத்து.

வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. நான் முப்பது வயதுக்கு மேல் கன்னட எழுத்து கற்றவள். என் எழுத்து ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரிதான் இருக்கும். எங்கள் குழுவில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த எழுத்தில், வீட்டு எண்ணுக்கு எதிரே, அவர் பெயருக்கு நேராக எழுதியிருந்தது: ‘மூன்று முறை சென்றும் வீடு பூட்டு. இங்கு வசிப்பதில்லை.’ கீழே என் பெயரின் முதல் எழுத்து. சுழித்துச் சுழித்து, அழகாக.

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பிடித்திருந்த கை என்னுடையதுதானா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. அந்தக் கைதானே எழுதியது!

அந்த வாரம் எனக்கு ஞாபகம் வந்தது. கடையில் பரீட்சை ஹால் டிக்கெட் எடுக்கிற கூட்டம். மதியம் ஒரு மணிக்கு மேல்தான் கொஞ்சம் ஆள் குறையும். அந்த நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போவேன். எட்டு வீடு பூட்டு. மறுபடி இரண்டு நாள் கழித்து அதே ஒரு மணிக்குப் போனேன். அதே எட்டு வீடும் பூட்டு. பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பக்கத்து வீடும் பூட்டு, அதற்குப் பக்கத்து வீடும் பூட்டு. யாரைக் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால் எட்டு வீட்டிலும் ஆள் இருந்திருப்பார்கள். ஞாயிறு ஒரு நாள்தானே நமக்கும் என்று நினைத்துவிட்டேன்.

இதையெல்லாம் விடக் கொடுமை ஒன்று உண்டு. அந்த வீட்டு முன்னால் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் அன்று காலை போட்ட கோலம் இருந்தது. அதை மிதிக்காமல் ஒதுங்கித்தான் நான் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆளில்லாத வீட்டில் கோலம் எப்படி வரும்? துணி எப்படிக் காயும்? கண் பார்த்தது. புத்தி பார்க்கவில்லை. பூட்டைப் பார்க்க வந்தவளுக்குப் பூட்டு மட்டும்தான் தெரிந்தது.

கல்லூரியில் அந்த மகளுக்கு நான் எழுதிக் கொடுத்த ஃபாரத்திலும் இதே வீட்டு எண்தான். ஒரே கை, ஒரே பேனா. ஒரு தாளில் மகள் இந்த வீட்டில் இருக்கிறாள் என்று எழுதியது. இன்னொரு தாளில் இந்த வீட்டில் யாருமே இல்லை என்று எழுதியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் தோன்றவில்லை. அம்மா எதிரே வந்து நின்று கேட்டபோதும், எந்த லைன், எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.

டீச்சர் தாழ்ந்த குரலில் மிச்சத்தையும் சொன்னார். நான் எழுதிக் கொடுத்த பிறகு, ஆபீஸிலிருந்து அவர் பெயருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. போஸ்ட்மேன் பகலில்தானே வருவார்? வீடு பூட்டு என்று கடிதம் திரும்பிவிட்டது. நான் எழுதியதற்கு அது சாட்சி ஆகிவிட்டது. பெயரை எடுத்துவிட்டார்கள்.

“யாருன்னு தெரிஞ்சுதாக்கா?” என்று கேட்டார் அந்தப் பெண்.

டீச்சர் ஃபைலை மூடினார். “மேடம், தண்ணி குடிங்க” என்று பாட்டிலை என் பக்கம் தள்ளினார். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார் என்று அப்போதுதான் உறைத்தது. முதலிலேயே வேண்டாம் என்று சொன்னதும் அதற்காகத்தான்.

‘எழுத்து சரியாகத் தெரியவில்லை’ என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். வெள்ளைச் சட்டையின் போன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டால் சதி என்கிற பேச்சுதான் ஊரெல்லாம் பரவும். திறந்தால் எங்கள் குழுவின் மானம் போகும்.

“நான்தாம்மா. இது என் கையெழுத்து” என்றேன்.

மகள் ஒரு அடி பின்னால் போனாள். கூட்டத்தில் யாரோ “அடப்பாவமே” என்றார்கள். வெள்ளைச் சட்டைக்கு இது பிரயோஜனப்படாது என்று புரிந்ததோ என்னவோ, போனை இறக்கிவிட்டு, “இம்மா நேரம் குதிச்ச குதி இன்னா!” என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அது வேண்டியதுதான்.

அந்தப் பெண் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் கோபிக்கவில்லை. நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“சரி, வுடுங்கக்கா. நீங்க இன்னா பண்ணுவீங்க? இந்த வெயில்ல எனக்காக மூணு தடவ வந்து கதவாண்ட நின்னிருக்கீங்க. எங்க சொந்தக்காரங்களே ஒரு தடவைக்கு மேல வரமாட்டாங்க.”

தாளைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சி ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது எனக்கு. ஏனென்றால் மூன்று முறை நான் போகவில்லை.

இரண்டு முறைதான் போனேன். மூன்றாவது நாள் லைனுக்குத் திரும்புகிற குழாய்முனை வரைக்கும் போனேன். கால் வலி. வெயில். கடையில் யாரோ காத்திருப்பதாகப் போன் வேறு வந்தது. முனையிலிருந்து எட்டிப் பார்த்தேன். கதவெல்லாம் சாத்தித்தான் இருந்தது. இன்னும் பத்து வீட்டுத் தூரம் நடக்க வேண்டும். நடக்கவில்லை. குழாய்மேடையில் தாளை வைத்து, எட்டு வீட்டுக்கும் எதிரே ‘மூன்று முறை’ என்று வரிசையாக எழுதிவிட்டுத் திரும்பிவிட்டேன். விதியில் மூன்று என்று இருந்தது, அதனால் மூன்று என்று போட்டேன். அதைப் பொய் என்றுகூட நான் நினைக்கவில்லை. ஏதோ மீதியை நிரப்பின மாதிரிதான் நினைத்தேன்.

இது யாருக்கும் தெரியாது. டீச்சருக்குத் தெரியாது. தாளுக்குத் தெரியாது. நான் சொல்லாவிட்டால் என்றைக்கும் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த அம்மாள் மன்னித்தும் விட்டார். வந்த மன்னிப்பை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விடலாம். ஆனால் நான் போகாத ஒரு நடைக்காக அவர் எனக்கு நன்றி சொல்கிறாரே! இல்லாத பாலுக்கு யாராவது சர்க்கரை போடுவார்களா?

“மூணு தடவ வரலம்மா” என்றேன். “ரெண்டு தடவதான் வந்தேன். மூணாவது தடவ குழாய்முனையிலயே நின்னு பார்த்துட்டு, எட்டு வீட்டுக்கும் மூணுன்னு எழுதிட்டுத் திரும்பிட்டேன்.”

அவர் முகத்தில் இருந்த இரக்கம் அப்படியே வடிந்துபோனதை நான் பார்த்தேன். தண்ணீர் வற்றினால் தொட்டியின் அடியில் இருக்கிற கல் தெரியுமே, அப்படி. தாழ்ந்த குரலில் கேட்டார்: “இன்னாத்துக்குக்கா அந்த மூணைப் போட்டீங்க? ரெண்டுன்னு போட்டிருந்தா இவங்க இன்னொரு தடவ ஆள அனுப்பியிருப்பாங்க இல்ல?”

டீச்சர் தலையை ஆட்டினார். “ரெண்டுன்னு இருந்தா நான் மேலே அனுப்பியே இருக்க மாட்டேன்” என்றார் தயங்கியபடி.

எனக்கு ஒரு பழமொழியும் வரவில்லை.

மகள்தான் அழுதாள். “எங்கம்மா லீவு நாள்லகூட நாலு மணிக்கே எழுந்துட்டாங்க ஆன்ட்டி. எனக்கு இது முதல் ஓட்டு. ரெண்டு பேரும் சேர்ந்து போலாம்னு புதுச் சேலை கட்டிக்கினு வந்தாங்க” என்றாள். அம்மா அவள் தோளைத் தட்டினார். “ஏய், அழாத. ஓட்டு போட்டுட்டு யாராவது அழுவாங்களா?” என்றார். பிறகு டீச்சரிடம் திரும்பினார்.

“மேடம், அந்தத் தாள்ல எட்டு வீடுன்னாங்களே இந்தக்கா. மிச்ச ஏழு யாரு?”

டீச்சர் படித்தார். ஏழு பெயர். ஏழும் அவர் லைன்காரர்கள், ஒரே ரயிலில் போகிறவர்கள். அந்த ஏழு பேருக்கும் இன்னும் பெயர் நீக்கம் ஆகவில்லை என்றார் டீச்சர். அவர்களுக்குக் கடிதம் அனுப்புவதற்குள் தேர்தல் வந்துவிட்டதால் விட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் ‘வீட்டில் இல்லாதவர்கள்’ என்று ஒரு தனித்தாள் உள்ளே இருக்கிறது. அதில் அந்த ஏழு பெயரும் உண்டு. அடையாள அட்டையோடு நேரில் வந்து, கைரேகை வைத்து, நான்தான் என்று எழுதிக் கொடுத்தால் ஓட்டுப் போடலாம். ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கிறது.

“யாரும் வரமாட்டாங்களே!” என்றார் அந்தப் பெண், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி. “காலையில நான் திரும்பிப் போனதைப் பார்த்துட்டு, உன்னையே அனுப்பிட்டாங்க, நாங்க இன்னாத்துக்கு வெயில்ல வந்து அவமானப்படணும்னு இருக்கறவங்க வீட்லயே உக்காந்துட்டாங்க. நானும்தான் சொன்னேன், போவாதீங்கன்னு.”

மணி மூன்று ஆகப்போகிறது. அவர் என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, எங்க மாமனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல வேலை செஞ்சவரு. அவரு சொல்லுவாரு. கீழ இறங்கறப்ப ஆளுக்கு ஒரு டோக்கன். மேல வந்ததும் அதைப் பலகையில மாட்டணும். ஷிஃப்ட் முடிஞ்சி ஒரு டோக்கன் மாட்டலன்னா, ஆள் இறக்கற கூண்டு, அந்தக் கேஜை மறுபடியும் கீழ அனுப்பித் தேடுவாங்களாம். அந்த ஆளு இல்லவே இல்லன்னு எழுதிட்டு யாரும் வீட்டுக்குப் போகமாட்டாங்களாம்.” தாளைக் காட்டினார். “ஏழு டோக்கன் பாக்கி கீது. எழுந்து வாங்க.”

“நானா?”

“பின்ன? நான் சொன்னா நம்பமாட்டாங்க, என் விரல்லதான் மை இல்லையே. எழுதினவங்க நீங்க. ஒவ்வொரு வீட்லயும் நீங்களே சொல்லணும். இப்ப இங்க சொன்னீங்களே, அதேதான். ரெண்டு தடவ வந்தேன், மூணுன்னு போட்டேன்னு.”

ஏழு பேரில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பீர்கள். ஐந்து பேர் ஆறு மணிக்குள் வந்து போட்டுவிட்டார்கள். ஒருவர் வேலைக்குப் போயிருந்தார். ஒருவர் எனக்குக் கதவையே திறக்கவில்லை, அவர் செய்தது நியாயம்தான். அந்த அம்மாளின் பெயருக்குப் புது ஃபாரம் எழுதிக் கொடுத்து, அது பட்டியலில் ஏறுகிற வரைக்கும் நானே ஆபீஸுக்கு நடந்தேன். குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றேன், ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக, சரிபார்க்கிற வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டோம். பேசுகிற வாய்க்கு நடக்கிற கால் துணை இல்லாவிட்டால், ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவர்தான் ஊரை முதலில் அழிப்பார் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். இன்றும் ஏதாவது தாளில் கையெழுத்துப் போடக் குனிந்தால், அன்றைய முதல் கதவுதான் என் கண்ணுக்கு முன்னால் வருகிறது.

கொளுத்துகிற வெயிலில், தன் ஓட்டு போய்விட்ட அந்தப் பெண் முன்னால் விறுவிறு என்று நடந்தார். குழாய்முனையை நிற்காமல் கடந்தார். லைனில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டதும், ஒதுங்கி நின்று என்னை முன்னால் விட்டார்.